வீட்டுச் சம்மதம்

துணி தேய்க்கும் மேசைக்கு இப்படி ஒரு யோகம் வரும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஊரடங்கு வந்ததிலிருந்து அதுதான் அவளுடைய அலுவலகம். படுக்கையறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடத்தில் அதை விரித்துப் போட்டு, மேலே மடித்த போர்வை, போர்வைக்கு மேலே லேப்டாப். கை கொஞ்சம் பலமாகப் பட்டால் மேசை ஆடும். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அவள் படகில் போய்க்கொண்டே பேசுவதுபோல இருக்கும்.

அன்று காலை அப்படிப் படகில் போய்க்கொண்டே ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். கடை மூடிவிட்டது. நிதானமாகப் பேசினாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரண்டு வருஷம் பார்த்திருக்கிறாள். புண் வராமல் புரட்டிப் போடத் தெரியும் என்றாள். தெரிந்தவர்களுக்கே வருகிற கைச்சைகையோடு சொன்னாள். கேள்வி கேட்டவளுக்கு மனசுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“சரிம்மா, கடைசியா ஒண்ணுதான். வீட்டுல பெரியவங்க யாராவது ஒருத்தர் இப்படி வந்து, அனுப்பறதுல சம்மதம்னு கேமரா முன்னாடி சொல்லணும்.”

அந்தப் பெண்ணின் முகம் பக்கவாட்டில் திரும்பியது. பனியன் போட்ட ஒரு தோள் திரைக்குள் வந்தது. பிறகு தோளுக்குரிய ஆள்.

“ஆபீஸ் வேலைன்னுதானே சொன்னா?”

“ஆபீஸ் இல்லைங்க, இல்லம். படுத்த படுக்கையா இருக்கறவங்களப் பாத்துக்கற இடம். அங்கேயே தங்கணும்.”

“எவ்வளவு நாளு?”

“ஊரடங்கு தளர்ற வரைக்கும்.”

“அது எப்பத் தளரும்?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?”

“ஆள் எடுக்கற உங்களுக்கே தெரியாதா? அங்க காய்ச்சல் இருக்கா?”

“இதுவரைக்கும் இல்ல. வந்துடக் கூடாதுன்னுதான் உள்ள போனவங்கள வெளிய விடறதில்ல.”

“அப்ப வரலாம்னு சொல்றீங்க.”

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“நாளைக்குச் சொல்றோம் மேடம்” என்றான் அவன். திரை இருண்டது.

நாளைக்குச் சொல்றோம். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறோம் என்றவர்களில் ஒருவர்கூட மறுநாள் போனை எடுத்ததில்லை. அண்ணன் வந்து சொல்வான், அப்பா வந்து சொல்வார். ஒருமுறை வீட்டுக்காரரே இல்லாத ஒரு பெண்ணுக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. அந்த விதியைப் போட்டதே அவள்தான். ஊரடங்கின் ஆரம்பத்தில் இரண்டு பேரைச் சேர்த்து, தனியறையில் வைத்திருந்து, சரி என்று உள்ளே விட்டால், மறுநாளே அவர்கள் வீட்டார் வந்து இல்லத்துக் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். கத்தல், அழுகை, போலீஸ். உள்ளே படுத்திருந்த கிழவர்கள் பயந்துபோய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் அவள், வீட்டில் ஒருவர் முகத்தைக் காட்டிச் சம்மதம் சொன்னால் மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்து, இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவரிடமும் ஒப்புதல் வாங்கினாள். ரொம்ப நல்ல யோசனை என்றார் தலைவர். நல்ல யோசனைதான். ஆள்தான் கிடைக்கவில்லை.

“உப்பு எங்க?” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். தேநீரோடு ஒரு முட்டை வேகவைத்துத் தின்றால் தலைவலி குறையும் என்று எழுந்துபோனவளுக்கு, நேற்றுவரை உப்பு இருந்த இடத்தில் சோப்புத்தூள் இருந்தது.

“மூணாவது தட்டு. உயர வரிசைல அடுக்கியிருக்கேன்” என்றான் கணவன் கூடத்திலிருந்து.

“உப்பு டப்பாவ எதுக்குங்க உயரம் பாத்து அடுக்கணும்? என்ன, ராணுவத்துல சேக்கப் போறீங்களா?”

“பாக்கறதுக்கு ஒழுங்கா இருக்குல்ல?”

“பாக்கறதுக்கு இருக்கு. எடுக்கறதுக்குத்தான் இல்ல.”

அவன் தொலைதூர பஸ் ஓட்டுநர். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாழ்க்கையில் அவன் வந்துபோகிறவன். வருவான், தூங்குவான், சட்டையைத் துவைக்கப் போடுவான், மகளின் பள்ளிக்கூடக் கதையை அரைத்தூக்கத்தில் கேட்பான், போய்விடுவான். அவன் இல்லாத வீட்டை நடத்துவதற்கு அவள் நன்றாகப் பழகியிருந்தாள். இப்போது பஸ்கள் எல்லாம் டிப்போவில் நிற்கின்றன, அவன் வீட்டில் நிற்கிறான். உட்காரத் தெரியாத மனிதன். குழாயைக் கழற்றி மாட்டினான். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டான். எண்ணெய் போட்ட கதவு சத்தமில்லாமல் திறந்ததால், அவள் முக்கியமான பேச்சில் இருக்கும்போது பின்னால் வந்து நின்று அவளைத் தூக்கிவாரிப் போட வைத்தான். எதிர்முனையில் இருந்த பெண் “மேடம், பின்னாடி யாரோ” என்று பதறினாள்.

“அப்பாவ எங்கேயாவது வேலைக்கு அனுப்பேன்மா” என்றாள் மகள். கல்லூரி வகுப்பு அவளுக்கு போனிலேயே நடந்துகொண்டிருந்தது. “என் கிளாஸ்ல வாத்தியார் கேள்வி கேட்டா இவரு பதில் சொல்றாரு. அதுவும் தப்பா.”

“ஒண்ணு சரியா சொன்னேன்” என்றான் அவன்.

“அது கேள்வியே இல்லப்பா. அட்டெண்டன்ஸ்.”

வெங்காயம் உரிக்கும்போதுதான் பெரியக்கா கூப்பிட்டாள். இல்லத்தின் நர்ஸ். வயதில் பெரியவள் என்பதால் தலைவர் உட்பட எல்லாருக்குமே பெரியக்கா. ஊரடங்கு அறிவித்த அன்று பணிக்கு வந்தவள், வீட்டுக்குப் போகவேயில்லை.

“ஆள் ஏதாச்சும் தேறிச்சா கண்ணு?”

“பொம்பளைங்க பக்கத்துக்கு ஒருத்தங்க உறுதி, பெரியக்கா. நாளைக்கு வந்துடுவாங்க. ஆம்பளைங்க பக்கத்துக்குத்தான்…”

“அதுக்குத்தான் வேணும். இங்க வேலைக்கு இருக்கற பிள்ளைங்க ரெண்டு பேரும் பூ மாதிரி இருக்குதுங்க. படுத்துக் கிடக்கற வாத்தியார் தாத்தாவத் தூக்கிக் குளிப்பாட்ட நான்தான் போகணும். நேத்து என் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவரு என்னைப் பாத்துச் சிரிக்கறாரு, அந்த மனுசன். என்னைக் குளிப்பாட்ட வந்தவள யாரு குளிப்பாட்டறதுங்கறாரு.”

அவளும் சிரித்தாள். பெரியக்கா சிரிக்கவில்லை.

“டாக்டரம்மா என் பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. தலைப்பிரசவம். அங்க அவ வீட்டுக்காரன் மட்டும்தான் இருக்கான். ரத்தத்தப் பாத்தா மயங்கி விழற பையன். எனக்குப் போறதுக்கு பாஸ் வாங்கிட்டேன். எனக்குப் பதிலா நர்ஸ் பொண்ணும் ஒருத்தி வரேன்னுட்டா. ஆனா சின்னப் பொண்ணு, தூக்க முடியாது. தூக்கறதுக்கு ஒரு ஆம்பளைய விட்டுட்டுப் போன்னு என் மனசு சொல்லுது. ஒரே ஒரு ஆளு கண்ணு.”

“அனுப்பிடறேன் பெரியக்கா. நிச்சயமா அனுப்பறேன்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். யாரை வைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிற்பகலில் தேர்வுக் குழு. தலைவர் நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். போனை எப்போதும் மடியில் வைத்துக்கொள்வார் என்பதால் மற்றவர்களுக்கு அவருடைய மூக்குத் துவாரங்களும் மின்விசிறியும்தான் தெரியும். அடுத்தவர் ஆடிட்டர், பொருளாளர். அவரிடம் ஒரு பழைய கேள்விப் பட்டியல் இருந்தது. எந்த வேலைக்கு ஆள் வந்தாலும் அதிலிருந்துதான் கேட்பார். மூன்றாவது ஆளாக பெரியக்கா, நேரம் கிடைத்தால் வருவாள்.

அன்று வந்த ஆள் ஒரு கட்டிட வேலைக்காரர். வாட்டசாட்டமாக இருந்தார். அவள் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

“இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?” என்றார் ஆடிட்டர்.

கட்டிட வேலைக்காரர் யோசித்தார். “இருப்பேன்னு நினைக்கறேன் சார்.”

“இல்ல, எங்கே?”

“இருந்தாப் போதாதா சார்?”

“அவர் சொல்றது சரிதானே?” என்றன மூக்குத் துவாரங்கள்.

“உங்களோட மிகப் பெரிய பலவீனம் என்ன?”

அவர் விழித்தார். பலவீனத்தைச் சொன்னால் வேலை போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “முதுகு வலிக்கும் சார்” என்றார் கடைசியில்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“முதுகு வலிக்கற ஆள வச்சு எப்படிம்மா?” என்றார் ஆடிட்டர்.

“சார், வேலை செய்யற எல்லாருக்கும் முதுகு வலிக்கும்.”

“நான் விதிப்படி கேட்டேன். அவரா சொன்னாரு.”

வாதாடி, கெஞ்சி, ஒருவழியாக அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். வைத்தபிறகு வீட்டுச் சம்மதத்துக்கு அவருடைய அம்மா வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கட்டிட வேலைக்காரரே “மன்னிச்சுக்கங்க மேடம்” என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டார்.

“அடுத்து?” என்றார் தலைவர்.

“அடுத்து யாரும் இல்ல சார்.”

“இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு ஆள் இல்லையா?”

அவள் பதில் சொல்லியிருந்தால் மேசை கவிழ்ந்திருக்கும்.

காகிதம், கையெழுத்து என்று யாரும் அலைய முடியாத நாட்கள் என்பதால், விண்ணப்பிப்பவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் போதும் என்று அறிவித்திருந்தார்கள். பெயர், வயது, முன்பு செய்த வேலை, ஏன் வர நினைக்கிறீர்கள். அலுவலக போன் அவளிடம்தான் இருந்தது. மறுநாள் துணி மடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒருவன் பாட்டுப் பாடியிருந்தான். ஒருவர் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வைத்திருந்தார். ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ அவளை அழைக்க, “இதோ வரேன்” என்றதோடு முடிந்திருந்தது.

அடுத்ததில் முதலில் ஒரு தொண்டைக் கனைப்பு. அவள் கையிலிருந்த தலையணை உறை அப்படியே நின்றது. அந்தக் கனைப்பை அவளுக்குத் தெரியும்.

“வணக்கம் மேடம்” என்றது குரல். பெயரைச் சொன்னது. வயதைச் சொன்னது, அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. “தொலைதூர பஸ் ஓட்டிட்டிருந்தேன் மேடம். இப்ப வண்டி ஓடல. ராத்திரி முழிச்சிருக்கறது எனக்குப் பழக்கம். ஜனங்க வண்டில வாந்தி எடுத்தா கழுவி விட்டும் பழக்கம். ஆளத் தூக்கத் தெம்பு இருக்கு. டயரே தூக்கியிருக்கேன், ஆளு என்ன. சமையல் தெரியும்னு நான் நினைச்சிட்டிருக்கேன், வீட்டுல ஒத்துக்கறதில்ல. ஏன் வரணும்னு கேட்டிருந்தீங்க. அங்க ஆள் வேணும், இங்க நான் சும்மா இருக்கேன். அவ்வளவுதான். நன்றி மேடம்.”

பின்னணியில் அவர்கள் வீட்டு பால்கனியின் புறாச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்ட சத்தம். எல்லாம் அவளுடைய வீட்டுச் சத்தங்கள்.

அவள் முதலில் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவன் நாற்காலியின் கால்களைத் தலைகீழாக்கி ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தான். ஒன்றுமே தெரியாத முகம். திரும்பவும் கேட்டாள். “மேடம்” என்ற இடம் வரும்போதெல்லாம் சிரிப்பு வருவதுபோல இருந்தது.

இதைக் கேட்டிருப்பது அவள் ஒருத்திதான். இந்தப் போனை வேறு யாரும் தொடுவதில்லை. விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போயே போய்விடும். குழுவுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டால், வந்ததே யாருக்கும் தெரியாது. பெரியக்காவுக்கும் தெரியாது.

அவள் அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. துணியை எல்லாம் மடித்து முடித்து, மடித்ததையே பிரித்து, திரும்பவும் மடித்தாள்.

சாப்பிடும்போது அவன், “ஆபீஸ்ல எப்படிப் போகுது?” என்றான், தட்டைப் பார்த்தபடி.

“போகுது.”

“நிறைய விண்ணப்பம் வருதா?”

“வருது. எல்லாம் உருப்படாதது.”

“எல்லாமேவா?”

“பெரும்பாலும்.”

“பாவம், அனுப்பினவங்க பதிலுக்குக் காத்துட்டிருப்பாங்க” என்றான். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் சோற்றைக் குனிந்து தின்றாள்.

அன்று முழுக்க இதேதான். அவன் நடக்கும்போதெல்லாம் ஒரு விண்ணப்பதாரரின் பணிவு. கதவைத் தட்டிவிட்டு “உள்ள வரலாமா?” என்றான். இந்த வீட்டில் அவன் கதவைத் தட்டியதே இல்லை. அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு கட்டத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு சமையலறைக்குப் போய், அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

“வாயால கேட்டா என்னங்க?”

“எத?”

“நடிக்காதீங்க. மெசேஜ்.”

“ஓ, அதா? அது உனக்கு அனுப்பலையே. ஆபீசுக்கு அனுப்பினேன்.”

“ஆபீசே நான்தான்.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“பக்கத்து ரூம்ல இருக்கேன். ராத்திரி பக்கத்துல படுக்கறேன். எங்கிட்ட வந்து கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டிருந்தா பொண்டாட்டியா பதில் சொல்லியிருப்ப, வேண்டாம்னு. மேடமா கேட்டா கொஞ்சம் யோசிப்பியோன்னு நினைச்சேன்.”

அவள் கரண்டியைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவியதுதான்.

“உங்களால இங்க இருக்க முடியல. அதான் விஷயம்” என்றாள். “வண்டி இல்லன்னா வேற ஏதாவது. வீட்ட விட்டு வெளிய போகணும், அவ்வளவுதான். இத்தனை வருஷமா போயிட்டேதானே இருந்தீங்க. கொஞ்ச நாள் எங்களோட இருக்கறது உங்களுக்கு ஜெயில் மாதிரி ஆயிடுச்சு.”

“முடியலதான்” என்றான் அவன். மறுப்பான் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அது சுருக்கென்றது. “பொய் சொல்லல. கையக் கட்டிட்டு உக்காந்திருக்க முடியல. உப்பு டப்பாவ எத்தனை தடவதான் அடுக்கறது? ஆனா அது மட்டும் இல்ல.”

“வேற என்ன?”

“முந்தாநாள் பெரியக்கா கூப்பிட்டாங்க. நீ குளிச்சிட்டிருந்த. நான் எடுத்தேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“சொல்ற மாதிரி ஒண்ணும் பேசலையே. அவங்க எங்கிட்ட எதுவும் கேக்கல. நல்லாருக்கீங்களா தம்பின்னாங்க. பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சுன்னாங்க. அப்படியே பேச்சு நின்னுபோச்சு. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தா, மூச்சு கேக்குது. தூங்கிட்டாங்க. போன காதுல வச்சிட்டே, நின்ன இடத்துலயோ உக்காந்த இடத்துலயோ, தூங்கிட்டாங்க.” அவன் அடுப்பை அணைத்தான். “நான் வைக்கல. கொஞ்ச நேரம் கேட்டுட்டே இருந்தேன். ராத்திரி வண்டில எனக்கு அப்படி ஒரு கண்ணு அசந்திருந்தா, பின்னாடி இருக்கற அத்தனை பேரும் போயிருப்பாங்க. மாத்து டிரைவர் இல்லாம எங்களையே ஓட்ட விடமாட்டாங்க தெரியுமா? சட்டம். அவங்களுக்கு யாரு மாத்து டிரைவர்?”

அவள் கரண்டியைத் துடைத்தாள்.

“நீ வேணாம்னா வேணாம்” என்றான். “அத நேரா சொல்லிடு. மேடமா சொன்னாலும் சரி, பொண்டாட்டியா சொன்னாலும் சரி.”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன் சிரிக்கவில்லை, நல்லவேளை. சிரித்திருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

படுத்தபிறகும் அவளுக்கு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பயம்தான், அதில் சந்தேகமில்லை. காய்ச்சல் எந்தக் கேட்டையும் தாண்டும். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவன் இல்லாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. பஸ் கிளம்பும் நாட்களில் ஒருமுறைகூட அவள் முகம் வாடியதில்லை. வாடினால் கட்டுபடியாகாது என்று இளவயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். இந்த நாட்களில் அவன் டப்பாக்களை மாற்றியதற்கும் கதவுக்கு எண்ணெய் போட்டதற்கும் அவள் போட்ட சண்டைகளை எல்லாம் சேர்த்தால், முன்பு மொத்தமாகப் பேசியதைவிட அதிகம் பேசியிருப்பார்கள். இன்று உப்பு மூன்றாவது தட்டில் இருக்கும் என்று கை தானாகப் போனது. அவளுக்குப் பழகிவிட்டது. அதுதான் கோபமாக வந்தது. அவன் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். இந்தத் தூக்கத்தை எழுப்பி, எனக்கு இப்போதுதான் பழகியது என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாய்க்கு அதெல்லாம் பழக்கமில்லை.

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, அந்தக் குரல் செய்தியைக் குழுவுக்கு அனுப்பினாள். ‘ஆண்கள் பிரிவு, ஒரு விண்ணப்பம்’ என்று மட்டும் எழுதினாள்.

பிற்பகலில் அவள் தேய்க்கும் மேசையில். அவன் சமையலறையில், மகளின் போனோடு, குளித்துத் தலைசீவி, கல்யாணத்துக்குப் போகிற சட்டையில். லேப்டாப்பும் போனும் ஒரே வீட்டில் ஓடியதால் குரல் ஒன்றில் புகுந்து இன்னொன்றில் கூவியது. மகள் நடுவில் ஓடி, “அப்பா, நீங்க பேசறப்ப மட்டும் மைக்கப் போடுங்க, பேசாதப்ப அணைச்சிடுங்க” என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

திரையில் அவன் முகம் வந்ததும் பெரியக்காவின் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் பெரிதாயின. “தம்பி, நீங்களா?”

“யாரும்மா, தெரிஞ்சவரா?” என்றன மூக்குத் துவாரங்கள்.

“என் வீட்டுக்காரர் சார்” என்றாள் அவள்.

ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பணியாளர்களோட சொந்தக்காரங்கள எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே.”

“யோவ், மலம் அள்ளற வேலைக்கு யாருய்யா சிபாரிசுல வருவா?” என்றார் தலைவர். “நீ கேள்வியக் கேளு.”

ஆடிட்டர் தன் பட்டியலை எடுத்தார். “இன்னும் அஞ்சு வருஷத்துல…”

“உங்க இல்லத்துல இருந்தா அதிர்ஷ்டம் சார், வண்டி ஓட்டப் போயிட்டா அதுவும் சரி” என்றான் அவன், கேள்வி முடிவதற்குள். “அடுத்து பலவீனம் கேப்பீங்க. சும்மா இருக்க முடியாது, அதான் பலவீனம். கோபம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேப்பீங்க. வெளிய போய் நாற்காலிக்கு ரப்பர் மாட்டுவேன்.”

“ரொம்பத் தயாரா வந்திருக்கார்” என்றார் ஆடிட்டர், மனம் நிறைந்து. எத்தனை நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டுக்கேட்டிருக்கிறான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரியக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தம்பி, பெரியவங்க சில பேரு அடிப்பாங்க. கெட்ட வார்த்தை பேசுவாங்க.”

“பஸ்ல ஏறாத ஆளுங்களா பெரியக்கா?”

பெரியக்காவின் கண்கள் சுருங்கின. பல நாட்களுக்குப் பிறகு பெரியக்கா சிரிப்பதை அவள் பார்த்தாள்.

“எனக்குத் திருப்தி” என்றார் தலைவர். “அப்ப முடிச்சிடலாமா?”

“வீட்டுச் சம்மதம் இருக்கே சார்” என்றார் ஆடிட்டர்.

“அதான் அவரோட பொண்டாட்டியே மீட்டிங்ல இருக்காங்களே.”

“அவங்க இருக்கறது பணியாளரா. வீட்டு ஆளா, விண்ணப்பிச்சவர் பக்கத்துல வந்து நின்னு, முகம் தெரியற மாதிரி சொல்லணும். அவங்களே எழுதினதுதான் சார். விதின்னா எல்லாருக்கும் விதி.”

அந்த மனிதரை அந்தக் கணத்தில் அவள் வெறுத்தாள். அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் வெறுத்தாள். எழுந்தாள். மேசை ஆடியது. திரையில் அவள் கட்டத்தில் அலமாரிக் கதவு மட்டும் மிஞ்சியது.

சமையலறையில் அவன் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தான். அவள் வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான். சின்னக் கண்ணாடிபோல அந்தப் போனில் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இத்தனை பக்கத்தில் இல்லை.

அவள் அந்தப் போனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“எனக்கு இஷ்டமில்ல. முதல்ல அதச் சொல்லிடறேன். இவரு வருஷம் முழுக்க ரோட்டுல இருந்தவரு. நான் ஒருநாளும் போகாதீங்கன்னு சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். இப்பதான் வீட்டுல இருக்காரு. இருந்தா தொந்தரவுதான், இல்லன்னு சொல்லல. ஒரு டப்பா இடத்துல இருக்கறதில்ல. பின்னாடி வந்து நின்னு பயமுறுத்தறாரு. ஆனா காலைல கண்ணு முழிச்சா பக்கத்துல இருக்காரு. எனக்கு அது பிடிச்சிருக்கு. இந்த வயசுல இதச் சொல்ல வெக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். இப்பப் பாத்துக் கேக்கறீங்க. பெரியக்கா அவங்க பொண்ணுகிட்ட இருக்கணும். அதனால போகட்டும். ஆனா எனக்கு அவரு முழுசா திரும்பி வரணும். அதுக்கு யாரு எனக்குச் சம்மதம் சொல்லப் போறீங்க?”

அவள் நிறுத்தினாள். போனில் மூன்று பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூக்குத் துவாரங்கள் கீழே இறங்கின. முதல்முறையாகத் தலைவரின் முகம் முழுதாகத் தெரிந்தது. காதில் கையை வைத்துக் காட்டினார்.

“ஒண்ணுமே கேக்கலம்மா. வாய் மட்டும் அசையுது. மைக்கப் போடுங்க.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். கல்யாணச் சட்டையின் காலர் ஈரமாகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொத்தானை அழுத்தினான்.

“இப்பச் சொல்லுங்கம்மா” என்றார் ஆடிட்டர்.

“அனுப்பறேன்” என்றாள் அவள்.

“அவ்வளவு நேரம் பேசினீங்களே, இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் சார். அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க. நான் அந்த ரூமுக்குப் போய்க் கூப்பிடறேன்.”